ஹைபிரிட் கார்: பேட்ஜை விட்டுவிட்டுப் பாதையைப் பாருங்கள் – முழுமையான வழிகாட்டி

ஹைபிரிட் கார் பார்க்க ஷோரூமுக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி, மைலேஜ் எவ்வளவு என்பது. அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. ‘ஹைபிரிட்’ என்ற ஒரே பேட்ஜுக்குப் பின்னால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நான்கைந்து அமைப்புகள் இருக்கின்றன. ஒன்று நகரத்துக்குள் அசத்தும், நெடுஞ்சாலையில் சாதாரணமாகிவிடும். இன்னொன்றில் மோட்டார் இருப்பதே தெரியாது. எது எப்படி ஓடுகிறது என்று தெரிந்த பிறகு பார்த்தால்தான் மைலேஜ் எண்ணுக்கு அர்த்தம் வரும்.

கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போவது நல்லது. நேராக டெஸ்ட் டிரைவுக்குப் போகிறவர்கள் எதைக் கவனிப்பது என்று தெரியாமல் சத்தத்தையும் சீட்டையும் மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

தொடங்குமுன் வேண்டியவை

காரின் முழு பிரோஷர் வேண்டும். அதில் கடைசிப் பக்கத்துத் தொழில்நுட்ப அட்டவணைதான் முக்கியம். பழைய கார் என்றால் சேசிஸ் தகட்டின் படம். இப்போது ஓட்டும் காருக்குக் கடைசியாக மூன்று நான்கு முறை முழுத் தொட்டி பெட்ரோல் போட்ட கணக்கு இருந்தால் இன்னும் நல்லது. டாஷ்போர்டு காட்டும் சராசரி வேண்டாம். தொட்டியிலிருந்து தொட்டிக்குப் போட்ட கணக்கே நம்பத்தக்கது.

1. உங்கள் ஓட்டத்தை முதலில் எழுதுங்கள்

ஒரு தாளில் நான்கு விஷயங்கள்: மாதம் எத்தனை கிலோமீட்டர், அதில் சிக்னலும் நெரிசலும் உள்ள ஓட்டம் எவ்வளவு, நெடுஞ்சாலையில் உங்கள் வழக்கமான வேகம் என்ன, வீட்டில் உங்களுக்கென்று ஒரு பார்க்கிங் இடமும் பிளக் பாயின்ட்டும் இருக்கிறதா.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஹைபிரிட் எங்கிருந்தோ புதிதாக ஆற்றலைக் கொண்டுவருவதில்லை. பெட்ரோல் காரில் வீணாகும் இரண்டு இடங்களில் மிச்சம் பிடிக்கிறது, அவ்வளவுதான். ஒன்று, பிரேக் போடும்போது வெப்பமாகப் போவது. மற்றொன்று, குறைந்த வேகத்தில் இன்ஜின் மிகக் குறைந்த திறனில் ஓடுவது. உங்கள் ஓட்டத்தில் இந்த இரண்டும் அதிகம் இருந்தால்தான் மிச்சமும் அதிகம். அண்ணாசாலையில் தினமும் ஊர்கிறவருக்கும், திண்டிவனம் தாண்டி ஒரே சீராக 100-இல் போகிறவருக்கும் ஒரே பதில் இருக்க முடியாது.

2. பாதைகளை வரைந்துகொள்ளுங்கள்

எந்த ஹைபிரிட்டாக இருந்தாலும் சக்கரத்துக்கு ஆற்றல் வரக்கூடிய வழிகள் மூன்றுதான்.

முதல் பாதை: இன்ஜினிலிருந்து பல்சக்கரங்கள் வழியாக நேராகச் சக்கரத்துக்கு. இழப்பு மிகக் குறைவு. ஆனால் சக்கரத்தின் வேகத்துக்கு இன்ஜின் கட்டுப்பட வேண்டும்.

இரண்டாம் பாதை: இன்ஜின் ஒரு ஜெனரேட்டரைச் சுற்றுகிறது, அந்த மின்சாரம் இன்வெர்ட்டர் வழியாக மோட்டாருக்குப் போய்ச் சக்கரத்தைச் சுற்றுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் இழப்பு உண்டு. பதிலுக்கு, சக்கரம் எந்த வேகத்தில் சுற்றினாலும் இன்ஜின் தனக்குப் பிடித்த வேகத்தில் நிம்மதியாக ஓடலாம்.

மூன்றாம் பாதை: பேட்டரியிலிருந்து மோட்டார் வழியாகச் சக்கரத்துக்கு. பிரேக் பிடிக்கும்போது இதே பாதை தலைகீழாக ஓடி பேட்டரியை நிரப்புகிறது.

உங்கள் கார் இவற்றில் எவற்றை வைத்திருக்கிறது, எந்த வேகத்தில் எதைப் பயன்படுத்துகிறது என்பதே மொத்த விஷயமும். சீரிஸ், பேரலல், பவர் ஸ்பிளிட் என்ற பெயர்களெல்லாம் இந்தச் சேர்க்கைகளுக்கு வைத்தவைதான்.

3. மைல்டு ஹைபிரிட்டை முதலில் பிரித்து ஓரமாக வையுங்கள்

குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது. மைல்டு ஹைபிரிட்டில் மூன்றாம் பாதை தனியாக இயங்காது. பெரும்பாலும் ஆல்டர்னேட்டர் இருந்த இடத்தில், பெல்ட்டோடு இணைந்த ஒரு சிறிய மோட்டார்-ஜெனரேட்டர் இருக்கும். நின்றால் இன்ஜினை நிறுத்தும், காலை எடுத்தால் அலுங்காமல் எழுப்பும், முடுக்கும்போது கொஞ்சம் கை கொடுக்கும், வேகம் குறையும்போது கொஞ்சம் சார்ஜ் பிடிக்கும். மோட்டாரால் மட்டும் கார் உங்களை அலுவலகத்துக்குக் கொண்டுபோகாது.

பிரித்துப் பார்க்க எளிய அடையாளங்கள் உண்டு. கை கியர் இருந்தால், இன்று இந்திய ஷோரூம்களில் அது மைல்டுதான். அட்டவணையில் ஹைபிரிட் பேட்டரி 12 அல்லது 48 வோல்ட் என்று இருந்தாலும் அப்படியே. 100 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஸ்ட்ராங் வகை, அதாவது மோட்டாரில் மட்டுமே ஓடக்கூடியது.

மாருதியின் கிராண்ட் விட்டாராவையே எடுங்கள். ‘ஸ்மார்ட் ஹைபிரிட்’ என்பது மைல்டு. ‘இன்டெலிஜென்ட் எலக்ட்ரிக் ஹைபிரிட்’ என்பது டொயோட்டாவின் ஸ்ட்ராங் அமைப்பு. அதன் இரட்டையான டொயோட்டா ஹைரைடரில் மைல்டுக்குப் பெயர் ‘நியோ டிரைவ்’. வெளித்தோற்றத்தில் ஒரே கார். உள்ளே ஒன்றில் நான்கு சிலிண்டர் 1.5 லிட்டர் இன்ஜின், மற்றதில் மூன்று சிலிண்டர் 1.5 லிட்டர் இன்ஜின். அறிவிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு மைல்டு கை கியரில் 21.11 கி.மீ., ஸ்ட்ராங்கில் 27.97 கி.மீ. 2024-இல் இந்தியாவுக்கு வந்த நிஸான் எக்ஸ்-டிரெயிலும் ஒரு பொறிதான். வெளிநாட்டு விமர்சனங்களில் பேசப்படுவது அதன் இ-பவர் வடிவம் (ஐந்தாவது பிரிவில் வருகிறது). இங்கே வந்தது 12 வோல்ட் மைல்டு.

நம் ஊர் வெயிலுக்கு முக்கியமான ஒரு வேறுபாட்டை யாரும் சொல்வதில்லை. மைல்டில் ஏசி கம்ப்ரஸர் பெரும்பாலும் இன்ஜின் பெல்ட்டில்தான் ஓடுகிறது. சிக்னலில் இன்ஜின் நின்றால் குளிரும் குறையும். உடனே இன்ஜின் மறுபடி எழும். மே மாதத்தில் ‘ஆட்டோ ஸ்டாப்’ கிட்டத்தட்ட வேலையே செய்யவில்லை என்று புலம்புகிறவர்களுக்கு இதுதான் காரணம். டொயோட்டா, ஹோண்டாவின் ஸ்ட்ராங் அமைப்புகளில் கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவதால் இன்ஜின் நின்றாலும் ஏசி ஓடிக்கொண்டே இருக்கும்.

மைல்டு மோசமான தேர்வு என்று சொல்லவில்லை. கை கியர் வேண்டும், விலை குறைய வேண்டும் என்பவர்களுக்கு அது நல்ல பெட்ரோல் கார். அந்த எதிர்பார்ப்போடு வாங்கினால் ஏமாற்றம் இல்லை.

4. பேரலல்: முதல் பாதையும் மூன்றாம் பாதையும்

இங்கே இன்ஜினும் மோட்டாரும் ஒரே தண்டில் வரிசையாக நிற்கின்றன. அப்புறம் வழக்கமான கியர்பாக்ஸ். இரண்டுக்கும் நடுவில் கிளட்ச் இருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஹோண்டாவின் பழைய ஐஎம்ஏ அமைப்பில் மோட்டார் நேராக கிராங்க் தண்டில் உட்கார்ந்திருக்கும், கிளட்ச் கிடையாது. மோட்டார் சுற்றினால் இன்ஜினும் சேர்ந்து சுற்றியே ஆக வேண்டும். அதனால் தனி மின்சார ஓட்டம் பெயரளவுக்குத்தான். ஜிபி1 என்ற சேசிஸ் குறியீடு கொண்ட ஹோண்டா ஃபிட் இந்த வகை. மோட்டார் வெறும் 14 பிஎஸ்.

கிளட்ச் வைத்தால் இன்ஜினைக் கழற்றிவிட்டு மோட்டாரில் மட்டும் போகலாம். ஹூண்டாய், கியா வெளிநாடுகளில் விற்கும் ஹைபிரிட்கள் இப்படித்தான். ஆறு கியர் கொண்ட சாதாரண ஆட்டோமேட்டிக் போலவே ஓடும். ஜிபி5 ஃபிட்டில் ஹோண்டா செய்தது வேறு வழி: ஏழு கியர் இரட்டை கிளட்ச் பெட்டிக்குள்ளேயே மோட்டாரைப் பொருத்தியது.

பேரலலின் பலம் நெடுஞ்சாலை. இன்ஜினின் திருகுவிசை (டார்க்) நேராகச் சக்கரத்துக்குப் போவதால் இழப்பு குறைவு, ஓட்டும் உணர்வும் பழகியதாக இருக்கும். பலவீனம் ஊர்ந்து போகும் நெரிசல். ஒரே மோட்டார் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்ய முடியும், ஓட்ட வேண்டும் அல்லது சார்ஜ் பிடிக்க வேண்டும். பேட்டரி இறங்கிவிட்டால் கிளட்சைத் தேய்த்துத்தான் ஊர வேண்டும். உலர் இரட்டை கிளட்ச் பெட்டிகள் மலையேற்ற நெரிசலில் சூடாவது இதனால்தான்.

5. சீரிஸ்: இரண்டாம் பாதையும் மூன்றாம் பாதையும் மட்டும்

முதல் பாதையையே வெட்டிவிட்டால் சீரிஸ். 2016-இல் ஜப்பானில் நோட் காரோடு வந்த நிஸான் இ-பவர் இதற்குச் சுத்தமான எடுத்துக்காட்டு. இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் இடையே தொடர்பே இல்லை. இன்ஜின் மின்சாரம் தயாரிக்கும், மோட்டார் ஓட்டும்.

ஓட்டும்போது இது மின்சாரக் காரேதான். நகரத்தில் அருமை. அதிவேகச் சாலையில் நிலைமை மாறும். 110-இல் சீராகப் போகும்போது இன்ஜினை நேராகச் சக்கரத்தோடு இணைத்தாலே போதும், ஆனால் வழி இல்லாததால் மின்சாரமாக மாற்றி மறுபடி சுழற்சியாக மாற்றும் இழப்பைக் கட்டியே ஆக வேண்டும். ஊருக்குள் ஓட்டிப் பார்த்து வியந்து வாங்கிவிட்டு, நீண்ட பயணத்தில் மைலேஜ் விழுகிறது என்று புகார் சொல்வது இந்த வகையில் அடிக்கடி நடக்கும்.

6. பவர் ஸ்பிளிட்: மூன்று பாதையும் ஒரே நேரத்தில்

டொயோட்டாவின் அமைப்பு இது. பிரியஸிலிருந்து இன்னோவா ஹைகிராஸ், ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் வரை அடிப்படை ஒன்றுதான். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். புரிந்துவிட்டால் மற்ற எல்லாம் எளிது.

நடுவில் ஒரு கோள் பல்சக்கரத் தொகுதி. மையத்தில் சூரியச் சக்கரம், அதைச் சுற்றும் சிறு சக்கரங்களைத் தாங்கும் சட்டம், வெளியே வளையச் சக்கரம். சூரியச் சக்கரத்தில் முதல் மோட்டார்-ஜெனரேட்டர். சட்டத்தில் இன்ஜின். வளையத்தோடு காரின் சக்கரங்களும் இரண்டாவது மோட்டாரும். முதல் மூன்று தலைமுறை பிரியஸில் சூரியச் சக்கரத்துக்கு 30 பற்கள், வளையத்துக்கு 78.

நீளமான பலகை ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். ஒரு முனை ஜெனரேட்டர், மறுமுனை சக்கரம், நடுவில் ஓரிடத்தில் இன்ஜின். சக்கர முனை அசையாமல் இருக்கும்போது ஜெனரேட்டர் முனையைத் தூக்கினால் நடுப்பகுதியும் எழும். கார் நிற்கும்போது இன்ஜின் ஸ்டார்ட் ஆவது இப்படித்தான். தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, ஆல்டர்னேட்டரும் கிடையாது. ஜெனரேட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதன் மூலம், சக்கரம் எந்த வேகத்தில் இருந்தாலும் இன்ஜினை வேண்டிய வேகத்தில் நிறுத்திவைக்கலாம்.

இன்ஜினின் திருகுவிசை பற்களின் விகிதப்படி எப்போதும் ஒரே மாதிரிதான் பிரியும். மேலே சொன்ன பற்களுக்கு 72 சதவீதம் வளையத்துக்கு, அதாவது நேராகச் சக்கரத்துக்கு. மீதி 28 ஜெனரேட்டருக்குப் போய் மின்சாரமாகி, இரண்டாவது மோட்டார் வழியாகச் சக்கரத்தை அடைகிறது. முதல் பாதையும் இரண்டாம் பாதையும் கூடவே ஓடுகின்றன. பேட்டரி தேவைக்கேற்ப மூன்றாம் பாதையைச் சேர்க்கிறது.

இதை ‘இ-சிவிடி’ என்று எழுதுவார்கள். பெயரைப் பார்த்து, பெல்ட் உள்ள சிவிடி வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். இதில் பெல்ட்டும் இல்லை, தேய்கிற கிளட்சும் இல்லை, மாறுகிற கியரும் இல்லை. ரிவர்ஸ் கியர்கூட தனியாக இல்லை, இரண்டாவது மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். தேய்மானப் பொருள் குறைவாக இருப்பதுதான் பழைய பிரியஸ்களும் அக்வாக்களும் இத்தனை காலம் ஓடுவதற்கு ஒரு பெரிய காரணம் என்பது என் கருத்து.

குறை இல்லாமலில்லை. இன்ஜின் நிற்கும்போது, ஜெனரேட்டர் வளையத்தின் வேகத்தைப்போல 2.6 மடங்கு வேகத்தில் எதிர்ப்பக்கம் சுழல வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு வரம்பு உண்டு. அதனால் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல், எரிபொருள் வேண்டாவிட்டாலும் இன்ஜின் சுற்றியே ஆக வேண்டும். பழைய தலைமுறைகளில் இந்த வரம்பு தாழ்வாக இருந்தது. இன்னொன்று சத்தம்: முழு மிதியில் இன்ஜின் ஒரே சுருதியில் கத்திக்கொண்டிருக்கும், கார் மெல்ல வேகம் எடுக்கும். பழுது இல்லை, அமைப்பின் இயல்பு.

இதோடு அட்கின்சன் சுழற்சி இன்ஜின் சேர்கிறது. உள்வால்வைத் தாமதமாக மூடி, கீழ் வேகத் திருகுவிசையைக் கொஞ்சம் தியாகம் செய்து, எரிபொருள் திறனைக் கூட்டுகிறார்கள். நான்காம் தலைமுறை பிரியஸ் இன்ஜினின் உச்ச வெப்பத் திறன் 40 சதவீதம். இழந்த திருகுவிசையை மோட்டார் ஈடுகட்டுகிறது. மோட்டார் இல்லாமல் இந்த இன்ஜினை மட்டும் வைத்தால் ஓட்டவே பிடிக்காது.

7. ஹோண்டா இ:எச்இவி: வேகத்தைப் பார்த்துப் பாதையை மாற்றுவது

சிட்டி இ:எச்இவி 2022 மே மாதம் இந்தியாவுக்கு வந்தது. இது பெரும்பாலும் சீரிஸ். 98 பிஎஸ் இன்ஜின் ஜெனரேட்டரைச் சுற்றுகிறது, 109 பிஎஸ், 253 நியூட்டன் மீட்டர் மோட்டார் சக்கரத்தைச் சுற்றுகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் சீராகப் போகும்போது மட்டும் ஒரு கிளட்ச் பூட்டிக்கொண்டு, இன்ஜின் ஒரே ஒரு நிலையான பல்விகிதத்தில் நேராகச் சக்கரத்தோடு இணைகிறது. ஐந்தாவது பிரிவில் சொன்ன சீரிஸின் பலவீனத்துக்கு இதுதான் ஹோண்டாவின் விடை.

டொயோட்டா எல்லாப் பாதைகளையும் கலந்து ஓட்டுகிறது. ஹோண்டா ஒரு நேரத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. ஓட்டுகிறவருக்குத் தெரியும் வேறுபாடு பிக்கப்பில்தான்: சக்கரத்தை ஓட்டுவது பெரிய மோட்டார் என்பதால் சிட்டி கிளம்பும் விதம் மின்சாரக் காருக்கு நெருக்கமாக இருக்கும். எனக்குத் தனிப்பட்ட முறையில் இது பிடிக்கும். ஆனால் டிக்கி இடம் பெட்ரோல் சிட்டியைவிட நன்றாகவே குறைகிறது. விமான நிலையத்துக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் பெட்டிகளை எடுத்துப்போய் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

இங்கே ஒரு பிழையைச் சொல்லிவிடலாம். 98-ஐயும் 109-ஐயும் கூட்டி 207 பிஎஸ் என்று கணக்குப் போடுவார்கள். அறிவிக்கப்பட்ட மொத்தத் திறன் 126 தான். மோட்டாருக்கு வரும் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்ஜினிலிருந்தே வருகிறது. ஒரே ஆற்றலை இரண்டு முறை எண்ணக் கூடாது. கிராண்ட் விட்டாராவிலும் 92-ம் 80-ம் சேர்ந்து 172 ஆகாது, மொத்தம் 115.5.

8. பிளக்-இன்: பிளக் இல்லாதவர்களுக்கு இல்லை

மேலே சொன்ன அமைப்புகளில் ஏதோ ஒன்றோடு பெரிய பேட்டரியும் சார்ஜ் வாயும் சேர்ந்தால் பிளக்-இன். தினசரி ஓட்டத்தை மின்சாரத்திலேயே முடிக்கலாம். முதல் பிரிவில் பிளக் பாயின்ட் பற்றி ‘இல்லை’ என்று எழுதியிருந்தால் இந்தப் பிரிவைத் தாண்டிவிடுங்கள். சார்ஜ் போடாமல் ஓட்டினால் மிச்சம் இருப்பது அதிக எடையைச் சுமக்கும் ஹைபிரிட் மட்டும்தான். இந்தியாவில் சாதாரண விலையில் இப்போதைக்குத் தேர்வும் குறைவு.

9. பேட்டரியின் அளவைப் பிரேக்கோடு ஒப்பிடுங்கள்

பேட்டரி சிறியதாக இருக்கிறதே, ஏமாற்றுகிறார்களோ என்று கேட்பார்கள். கணக்கு போட்டுப் பார்த்தால் விளங்கும்.

ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள கார் 60 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது விடும் ஆற்றல் ஏறத்தாழ 0.06 யூனிட். வீட்டு மின்கட்டணத்தில் வரும் அதே யூனிட்தான். கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங்கின் பேட்டரி 0.76 யூனிட். ஆயுளைக் காக்க ஹைபிரிட் பேட்டரிகளை முழுக்க நிரப்புவதும் இல்லை, முழுக்க வடிப்பதும் இல்லை. நடுவில் 40 சதவீதத்தை மட்டும் பயன்படுத்துவதாக வைத்தாலும் 0.3 யூனிட் கிடைக்கிறது. சிக்னலில் பிடித்து அடுத்த புறப்பாட்டுக்குக் கொடுக்க இது தாராளம்.

மலைப்பாதையில் கதை வேறு. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினால் ஏறத்தாழ 1,900 மீட்டர் சரிவு. அதே 1,600 கிலோ கார் விடும் ஆற்றல் 8 யூனிட்டைத் தாண்டுகிறது. டயரின் உருளல் தடையும் காற்றும் ஒரு பங்கைத் தின்றாலும், பேட்டரி முதல் சில கிலோமீட்டரிலேயே நிரம்பிவிடும். அதன்பின் மின் பிரேக் தளரும், வழக்கமான பிரேக் பட்டைகள் சூடேறும்.

அதனால் டொயோட்டா வகையில் இறக்கத்தில் ‘பி’ (B) நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் இன்ஜினை எரிபொருள் இல்லாமல் சுழற்றி, மிஞ்சிய ஆற்றலை அங்கே கரைக்கும். இன்ஜின் உறுமுவதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ‘பி’ என்றால் பேட்டரி நன்றாகச் சார்ஜ் ஆகும் என்று நினைத்து ஊருக்குள்ளும் அதிலேயே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தேவையில்லை. சமதளத்தில் ‘டி’யில் பிரேக்கை மெல்ல மிதித்தாலே பிடிக்க வேண்டியது பிடிபடும். நேரெதிராக, சடாரென்று மிதித்தால் மோட்டார் ஏற்கக்கூடிய அளவைத் தாண்டிவிடும், மிச்சம் எல்லாம் வெப்பமாகவே போகும்.

10. டெஸ்ட் டிரைவை இந்த வரிசையில் செய்யுங்கள்

முதலில், காலையில் முதல் ஆளாகப் போங்கள். ஏற்கெனவே சூடான இன்ஜின் எல்லாக் குறைகளையும் மறைத்துவிடும். குளிர்ந்த இன்ஜின் எப்போது எழுகிறது, எவ்வளவு அதிர்கிறது என்பது அப்போதுதான் தெரியும். மூன்று சிலிண்டர் இன்ஜின்களில் இது முக்கியம்.

பொத்தானை அழுத்தியதும் ‘ரெடி’ விளக்கு வரும், சத்தம் இருக்காது. ஸ்டார்ட் ஆகவில்லை என்று மறுபடி அழுத்தி அணைப்பது எல்லோரும் செய்வது. திரையில் ஆற்றல் ஓட்டப் படத்தை வைத்துக்கொண்டு, மெல்ல மிதித்துக் கிளம்பி, எந்த வேகத்தில் இன்ஜின் சேர்கிறது என்று பாருங்கள்.

அப்புறம் ஏசியை முழுதாக வைத்து நெரிசலில் ஊருங்கள். அடுத்து ஒரு மேம்பாலம் ஏறுங்கள், முழு மிதியில். அந்தச் சத்தம் உங்களுக்கு ஒத்துவருமா என்பதைக் கடையிலேயே முடிவு செய்துவிடுவது நல்லது. கடைசியாக நெடுஞ்சாலை வேகம். விற்பனையாளர் நகரத்தைச் சுற்றியே அழைத்துப் போவார், ஏனென்றால் ஹைபிரிட் பளிச்சிடும் இடம் அது. நீங்கள் தாளில் எழுதிய ஓட்டத்தை ஒட்டிய சாலையைக் கேளுங்கள்.

திரையில் வரும் ‘மின்சாரத்தில் ஓடிய நேரம்’ சதவீதத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். நிற்கும் நேரமும் இறங்கும் நேரமும் அதில் சேரும்.

11. இப்போது மைலேஜும் பணமும்

இந்தியாவில் அறிவிக்கப்படும் மைலேஜ் ஆய்வகச் சோதனையில் வருவது, அதன் உச்ச வேகம் 90 கி.மீ. அதனால் அந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடப் பயன்படுத்துங்கள், உங்கள் சாலைக்கு அப்படியே எடுக்காதீர்கள்.

கணக்கு இப்படி. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைப்போம். உங்கள் ஓட்டத்தில் சாதாரண கார் 15, ஸ்ட்ராங் ஹைபிரிட் 22 தரும் என்று வைத்தால், கிலோமீட்டருக்கு 6.67 ரூபாயும் 4.55 ரூபாயும் ஆகிறது. மிச்சம் 2.12 ரூபாய். ஆன்-ரோடு விலை வித்தியாசம் இரண்டரை லட்சம் என்றால், அதை ஈட்ட ஏறத்தாழ 1,18,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் 1,000 ஓடுகிறவருக்குப் பத்து ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. 2,500 ஓடுகிறவருக்கு நான்கு ஆண்டு. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

ஒப்பிடும்போது செய்யும் தவறு, அடிப்படை வேரியன்ட் கை கியர் காரோடு உயர் வேரியன்ட் ஹைபிரிட்டை வைப்பது. ஹைபிரிட்டுக்கு நிகர் அதே வசதிகள் கொண்ட ஆட்டோமேட்டிக் கார்தான். அப்படி வைத்தால் வித்தியாசம் சுருங்கும். பேட்டரி பயத்துக்கு: ஹைரைடர், கிராண்ட் விட்டாரா, சிட்டி மூன்றிலும் ஹைபிரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம் தருகிறார்கள். மேலே போட்ட ஈட்டுக் கணக்கு இந்த எல்லைக்குள் முடிகிறதா என்பதே நான் பார்ப்பது.

12. பழைய ஜப்பான் கார் என்றால் சேசிஸ் எண்ணிலிருந்து தொடங்குங்கள்

இது பெரும்பாலும் இலங்கை வாசகர்களுக்கு. 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பிப்ரவரியில்தான் திறந்தது. அதனால் சந்தையில் சுற்றும் ஹைபிரிட்களில் வயதானவை ஏராளம்.

ஹோண்டா ஃபிட் என்ற ஒரே பெயருக்குள் மூன்று வேறு அமைப்புகள் உள்ளன: ஜிபி1 கிளட்ச் இல்லாத ஐஎம்ஏ, ஜிபி5 இரட்டை கிளட்ச், 2020-க்குப் பிந்தையது இ:எச்இவி. ஹோண்டா வெஸலிலும் 2013 வடிவம் இரட்டை கிளட்ச், 2021-இல் வந்தது இ:எச்இவி. ஒன்றின் அனுபவத்தை மற்றதற்குக் கேட்டுப் பயனில்லை. வேகன் ஆர் ஹைபிரிட் மைல்டு வகை. 2017 வடிவம் நின்று கிளம்பும்போது அதிகம் போனால் பத்து நொடி மோட்டாரில் ஊரும், அவ்வளவே.

பிரியஸ், அக்வா என்றால் பேட்டரியைப் பாருங்கள். இரண்டாம், மூன்றாம் தலைமுறை பிரியஸில் 28 மாட்யூல்கள் (பேட்டரிக்குள் வரிசையாக இணைந்த சிறு பேட்டரிகள்), 201.6 வோல்ட். முதல் அக்வாவில் 20 மாட்யூல்கள், 144 வோல்ட். ஸ்கேனர் போட்டு, கார் நிற்கும்போது மட்டும் வோல்ட்டைப் பார்த்துவிட்டு ‘நல்லா இருக்கு’ என்று சொன்னால் ஏற்காதீர்கள். ஓய்வில் எல்லா மாட்யூலும் ஒரே மாதிரிதான் காட்டும். முடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் எந்தத் தொகுதி மற்றவற்றைவிட அதிகம் விழுகிறது, அதிகம் ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். நலிந்த ஒன்றிரண்டு மாட்யூலை மட்டும் மாற்றிய பேட்டரி சில காலத்தில் மறுபடி எச்சரிக்கை விளக்கைக் கொண்டுவருவது வழக்கம், ஏனென்றால் பழையதும் புதியதும் ஒரே அளவில் சார்ஜ் ஏற்பதில்லை. பேட்டரி முழுவதையும் மாற்றிய ரசீது இருந்தால் அது விலைக்கு உண்மையான மதிப்பு.

13. வாங்கிய பிறகு கெடுத்துக்கொள்ளாமல் இருக்க

சிக்னலில் ‘என்’ போடும் பழக்கத்தை விடுங்கள். டொயோட்டா அமைப்பில் ‘என்’ நிலையில் பேட்டரி சார்ஜ் ஆகாது, ஏசியோ இழுத்துக்கொண்டே இருக்கும். நீண்ட நெரிசலில் இதைச் செய்தால் பேட்டரி அடிமட்டத்துக்கு வந்துவிடும். ‘டி’யிலேயே பிரேக்கில் கால் வையுங்கள், அல்லது ‘பி’ (P) பார்க்கிங்.

பல கார்களில் பேட்டரிக்குக் குளிர்காற்று இழுக்கும் துவாரம் பின்சீட்டின் ஓரத்திலோ அடியிலோ இருக்கும். புது சீட் கவர் தைக்கக் கொடுக்கும்போது தையல்காரர் அதை அழகாக மூடிவிடுவார். பையோ போர்வையோ அங்கே சாய்ந்திருந்தாலும் அதே கதிதான். வடிகட்டி இருந்தால் சர்வீஸில் சுத்தம் செய்யச் சொல்லிக் கேளுங்கள், கேட்காவிட்டால் பெரும்பாலும் செய்ய மாட்டார்கள். பேட்டரியைச் சீக்கிரம் கொல்வது தூரத்தைவிட வெப்பம்.

சின்ன 12 வோல்ட் பேட்டரியை மறந்துவிடாதீர்கள். பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் இது செத்தால் ‘ரெடி’ வராது. அதற்குச் சார்ஜ் வருவது கார் ‘ரெடி’யில் இருக்கும்போது மட்டுமே. அதனால் வாரக்கணக்கில் நிறுத்திவைக்கிறவர்கள் இடையிடையே ‘ரெடி’யில் கொஞ்ச நேரம் வைக்க வேண்டும். அடுத்தவர் வண்டியை எழுப்ப இதிலிருந்து ஜம்ப் கேபிள் கொடுக்க வேண்டாம். பெரிய ஸ்டார்ட்டரைச் சுற்றும் மின்னோட்டத்துக்காகச் செய்யப்பட்டதல்ல அது.

ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள் எதையும் தெரு மெக்கானிக் தொட விடாதீர்கள். உயர் மின்னழுத்தம் செல்லும் கம்பிகள் அவை. பயிற்சி பெற்றவர்களே, உயர் மின்னழுத்தத்தைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றிய பிறகும் கண்டென்சர்கள் வடிய பத்து நிமிடம் காத்திருந்துதான் கை வைக்கிறார்கள். கார் வழியில் நின்றுவிட்டால், முன்சக்கரங்கள் தரையில் உருளும்படி கயிறு கட்டி இழுக்க வேண்டாம். சக்கரம் சுற்றினால் அதோடு இணைந்த மோட்டாரும் சுற்றி மின்சாரம் உண்டாக்கும். தட்டையான மேடை உள்ள இழுவை வண்டியைக் கேட்டு வரவழையுங்கள்.